மகளின் சோதனை, தாயின் விடை

கேள்வி: என் அப்பா, மூளையைச் சிதைத்து உடல் அசைவுகளைக் கட்டுப்பாடின்றி ஆக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டனால் பத்தாண்டுகள் துன்பப்பட்டு 61 வயதில் இறந்தார். அவர் போய் 20 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கும் அந்த மரபணு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று அப்போதே டாக்டர் சொன்னார். சோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவோடுதான் இத்தனை காலம் ஓரளவு நிம்மதியாக வாழ்ந்தேன். இப்போது எனக்கு 49 வயது. கையிலிருந்து ஒரு தம்ளர் நழுவினாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மற்றபடி நோய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. என் ஒரே மகளுக்கு 25 வயது. அடுத்த ஆண்டு திருமணம். அதற்கு முன் சோதனை செய்துகொள்ளப் போவதாகச் சொல்கிறாள். அவளுக்கு இருந்தால் எனக்கும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் கேட்க விரும்பாத விடையை என் மகளே வீட்டுக்குள் கொண்டுவருவது நியாயமா? என் ஒப்புதல் இல்லாமல் சோதனைக்கூடம் இதைச் செய்யலாமா? மணக்கப்போகிறவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? கருவிலேயே மரபணுவைத் திருத்துகிறார்களாமே, அப்படிச் செய்துவிட்டால் இந்தச் சோதனையே தேவைப்படாதல்லவா? என் தம்பிக்கு 19 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு அவர்கள் காதில் விழவே கூடாது என்கிறான். அப்பாவின் மருத்துவக் காகிதங்கள் என் அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒப்புதல் பற்றிய கேள்விக்கு விடை சிறியது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் வயது வந்தவர். அவருடைய இரத்தத்தைச் சோதிக்க அவருடைய கையெழுத்து போதும். சோதனைக்கூடம் உங்களைக் கேட்காது, கேட்கவும் கூடாது. தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இப்படிப் பட்டென்று சொல்வதற்கு மன்னியுங்கள். மரபணு ஆலோசகராக நான் பார்க்கும் குடும்பங்களில் அதிகம் மனம் நோவது இந்த இடத்தில்தான். மற்ற நோய்களில் ஒருவரின் சோதனை ஒருவரைப் பற்றியது. மரபணுச் சோதனையில் ஒருவர் கை நீட்டினால், கேட்காமலே இன்னொருவருக்கும் சேர்த்து இரத்தம் எடுத்தது போல் ஆகிவிடுகிறது. உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் மகள் மீது திரும்ப வேண்டியதில்லை. அவர் உங்கள் விடையைத் தேடிப் போகவில்லை. அவருடைய விடை உங்கள் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பது அவர் செய்த ஏற்பாடா?

கணக்கைச் சரியாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் பயம் கணக்கை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஹண்டிங்டன் மரபணு 4ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நம் எல்லோரிடமும் அது இரண்டு பிரதிகள் உண்டு, தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்று மரபணு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். 26 முறை வரை வந்தால் தொந்தரவில்லை. 40 அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பான ஆயுளுக்குள் நோய் வரும் என்றே எடுத்துக்கொள்கிறோம். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 27 முதல் 35 வரை உள்ளவருக்கு நோய் வராது, ஆனால் பிள்ளைக்குப் போகும்போது அந்த எண்ணிக்கை கூடிவிடச் சிறிய வாய்ப்பு உண்டு.

உங்கள் அப்பாவிடம் சி.ஏ.ஜி. எண்ணிக்கை கூடிய நீண்ட பிரதி ஒன்று, சரியான பிரதி ஒன்று. உங்களுக்கு வந்தது எது என்பது நாணயம் சுண்டுவது போன்றது. பிறந்தபோது உங்கள் வாய்ப்பு 50 சதவீதம். இன்றைக்கு அது அவ்வளவு இல்லை. அறிகுறிகள் பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தலைகாட்டும் நோய் இது. 49 வயது வரை ஒன்றும் தெரியவில்லை என்பதே உங்கள் பக்கம் ஒரு சாட்சி. உங்கள் மகளின் வாய்ப்பு உங்களுடையதில் பாதி. அதாவது 25 சதவீதத்துக்கும் கீழே. நீங்கள் இரவெல்லாம் கண் விழித்துப் பார்க்கும் அந்தக் காட்சி நடக்காமல் போகவே வாய்ப்பு மிக அதிகம்.

மகளுக்கு இல்லை என்று வந்தால் உங்களுக்கும் இல்லை என்று ஆகிவிடாது. நீண்ட பிரதி உங்களிடம் இருந்து, சரியான பிரதி மகளுக்குப் போயிருக்கலாம். படித்தவர்கள், மருத்துவம் படித்தவர்கள்கூட, இந்த இடத்தில் வழுக்கி விழுந்து, சாப்பிடக் கூப்பிட்டுக் கொண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். மறுதிசையில் மட்டும்தான் பாதை நேரானது. உங்கள் கணவர் குடும்பத்தில் இந்த நோய் இல்லை என்று வைத்துக்கொண்டால், மகளுக்கு இருந்தால் உங்களுக்கும் உண்டு. அது மட்டுமல்ல. தாய் வழியாகப் போகும்போது சி.ஏ.ஜி. எண்ணிக்கை அதிகம் மாறுவதில்லை. மகளின் அறிக்கையில் இருக்கும் எண் ஏறத்தாழ உங்களுடைய எண்ணாகவே இருக்கும். ஆகவே மகளுக்கு எப்படி வந்தாலும், அந்தத் தாளை வாங்கிப் பார்க்காதீர்கள்.

தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்ததைக் கோழைத்தனம் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்கு இந்த நோயைத் தெரியாது. 1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது இளம் மருத்துவர், தன் அப்பாவும் தாத்தாவும் வைத்தியம் பார்த்த அதே குடும்பங்களைக் கவனித்து இதை எழுதிவைத்தார். ஒரு தலைமுறையில் நோய் வராமல் போனால் நூல் அறுந்துவிடுகிறது, அதன் பிறகு அந்தக் கிளையில் வருவதில்லை என்று, மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் கண்டுகொண்டார். அந்த மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பது 1983இல் தெரிந்தது. மரபணுவே கையில் கிடைத்தது 1993இல். வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான உறவினர்களின் இரத்தத்தைச் சேகரித்து அதற்கு வழி திறந்த குழுவை நடத்தியவர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய தாயே இந்த நோயால் இறந்தவர். உலகுக்கே சோதனை கிடைக்கக் காரணமானவர்களில் ஒருவரான அவர், தான் சோதனை செய்துகொண்டாரா என்பதைப் பல ஆண்டுகள் வெளியில் சொல்லாமலே இருந்தார். தனக்கும் நோய் இருப்பதை 2020இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். சோதனை கிடைக்கும் நாடுகளில்கூட, உங்கள் நிலையில் இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரோ அதற்கும் குறைவானவர்களோதான் அதைச் செய்துகொள்கிறார்கள். பெரும்பான்மையோர் உங்கள் பக்கம் நிற்கிறார்கள்.

உங்கள் முடிவுக்கு எழுத்திலும் காப்பு உண்டு. 1997இல் யுனெஸ்கோ ஏற்ற மனித மரபணுத்தொகுதிப் பிரகடனமும், அதே ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட ஓவியேதோ உடன்படிக்கையும், தன் மரபணுச் சோதனை முடிவை அறிவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது ஒருவரின் உரிமை என்கின்றன. அறியாமல் இருக்கும் உரிமை. எனக்கு மிகவும் பிடித்த உரிமை அது. ஆனால் அதன் எல்லை உங்கள் காதோடு முடிகிறது. உங்கள் காதைப் பொத்திக்கொள்ள அது உதவும், மகளின் காதைப் பொத்த உதவாது.

இந்த இரண்டும் மோதிய ஒரு வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. தன் மனைவியைக் கொன்று, மனநல மருத்துவமனையில் காவலில் இருந்த ஒருவருக்கு 2009இல் ஹண்டிங்டன் நோய் உறுதியானது. மகள் அப்போது கர்ப்பமாக இருந்தார். அவரிடம் சொல்லக் கூடாது என்று தந்தை உறுதியாக மறுத்துவிட்டார். மருத்துவர்களும் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகு ஒரு மருத்துவர் வாய்தவறிச் சொல்லித்தான் மகளுக்கு விஷயம் தெரிந்தது. பின்னாளில் அவருக்கும் அந்த மரபணு இருப்பது சோதனையில் தெரிந்தது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 2020இல் வந்த தீர்ப்பில், நோயாளியின் ரகசியத்தையும் மகளின் நலனையும் தராசில் வைத்துப் பார்க்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அந்த வழக்கில் அவர்கள் எடுத்த முடிவைத் தவறு என்று சொல்லவில்லை, இழப்பீடும் தரவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பின் பின்பாதியில் இன்றுவரை உடன்பாடு இல்லை. இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மகள் தன் தந்தையின் நோயை அறியாமல் ஒரு குழந்தையைப் பெற்றார். உங்கள் மகளுக்கு நீங்கள் குடும்பத்தின் கதையை மறைக்கவில்லை. கடினமான பகுதியை எப்போதோ செய்துவிட்டீர்கள்.

இனி, ஒரே வீட்டில் ஒருவர் அறிந்தும் மற்றவர் அறியாமலும் வாழ முடியுமா? முடியும், ஆனால் பலர் அதைத் தவறாகச் செய்கிறார்கள். "நல்ல செய்தி என்றால் சொல், இல்லையென்றால் சொல்லாதே" என்று பிள்ளையிடம் சொல்கிறார்கள். கேட்பதற்கு இதமாக இருக்கும். அந்த ஏற்பாட்டில் மௌனமே விடையாகிவிடும் என்பதை யோசிப்பதில்லை. மகள் சோதனை முடிவு வாங்கிவந்து எதுவும் பேசாமல் தன் அறைக்குப் போனால், அந்தக் கணமே உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். மௌனம் காக்க வேண்டுமென்றால் இரண்டு விடைக்கும் ஒரே மௌனம் வேண்டும். நல்ல விடை வந்தாலும் அவர் உங்களிடம் துள்ளிக்கொண்டு வரக் கூடாது. 25 வயதுப் பெண்ணிடம் இப்படிக் கேட்பது பெரிய வரம் கேட்பது. கேட்பதற்கு முன் அதை உணர்ந்து கேளுங்கள்.

இந்த ஒரே மௌனத்தைக் குடும்பத்துக்கு வெளியே ஒரு ஏற்பாடாகவே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். டே-சாக்ஸ் என்ற கொடிய குழந்தைப்பருவ நோயில் நான்கு பிள்ளைகளை இழந்த யூத மதகுரு ரபி ஜோசப் எக்ஸ்டைன் என்பவர், 1983இல் வைதிக யூதர்களுக்காக டோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்கள் இரத்தம் கொடுப்பார்கள். அவர்களுக்கு ஓர் எண் மட்டும் தரப்படும், முடிவு தரப்படாது. பின்னர் இருவர் திருமணம் பேசும்போது இரண்டு எண்களையும் சொன்னால், பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் பதில் வரும். இந்த ஜோடி வேண்டாம் என்று வந்தால் ஒழிய, தன்னிடம் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. டே-சாக்ஸில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் நோய்ப் பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய். ஒன்றுதான் என்றால் சுமப்பவருக்கு எந்தக் கெடுதலும் இல்லை, அதனால் அது வேலை செய்கிறது. ஹண்டிங்டனில் ஒரு பிரதியே போதும் நோய்க்கு. அந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து நடமுடியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய் மூடியிருப்பது என்ற அதன் உயிர்நாடியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே மகள் சோதனைக்குப் போகும் முன்பே மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் அறிய விரும்புகிறீர்களா, மாட்டீர்களா. மனம் மாறினால் யாரிடம் எப்படிக் கேட்பீர்கள். உங்களிடம் பேச முடியாத அந்த நாள்களில் மகள் யாரிடம் பேசுவார். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். முறையாக நடத்தும் மையங்களில் சோதனைக்கு முன் ஆலோசனை அமர்வுகள் இருக்கும், முடிவை நேரில்தான் சொல்வார்கள், உடன் ஒருவரை அழைத்துவரச் சொல்வார்கள். எந்தக் கட்டத்திலும், இரத்தம் கொடுத்த பிறகும்கூட, முடிவை வாங்காமல் எழுந்து வந்துவிடலாம். அந்தத் துணையாக நீங்கள் போகாதீர்கள். தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மகள் அழக்கூடப் பயப்படுவார். நல்ல விடை வந்தாலும் சிலர் உடைந்துபோகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தப்பித்தவர்களுக்கு வரும் குற்றவுணர்வு அது. வாழ்க்கை முழுவதையும் நோய் வரும் என்ற எண்ணத்தின் மேலேயே கட்டி எழுப்பியவர்களுக்கு, அது இல்லை என்று தெரியும்போது காலடி நிலம் நழுவுகிறது.

வீட்டில் இருந்தபடியே உமிழ்நீரை அனுப்பிச் சோதிக்கலாம் என்று மகள் சொன்னால் மட்டும் குறுக்கே நில்லுங்கள். இந்த நோய்க்கு அது பொருத்தமான வழி இல்லை. அப்படிப்பட்ட நிறுவனங்களில் பெரியதான 23அண்ட்மீயிலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன. 2025இல் அது திவால் மனு கொடுத்தபோது, அத்தனை பேரின் மரபணுத் தகவலும் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்தது. ஒருவர் துப்பிய எச்சிலில் அவருடைய தாய், மாமன், மாமன் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள்.

காப்பீட்டையும் இரத்தம் கொடுக்கும் முன்பே பாருங்கள். பின்னர் பார்த்துப் பயனில்லை. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. கனடாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அகலமானது. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் முன்கூட்டிய மரபணுச் சோதனை முடிவைக் கேட்க அனுமதி உள்ள ஒரே நோய் எது தெரியுமா? இதுதான், அதுவும் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும். சோதனை செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்றும் எண்ணிவிடாதீர்கள். 2003இல் ஜெர்மனியில் ஓர் இளம் ஆசிரியைக்கு, தந்தைக்கு இந்த நோய் இருந்தது என்ற ஒரே காரணத்தால் நிரந்தர அரசுப் பணி மறுக்கப்பட்டது. நீதிமன்றம் போய்த்தான் வென்றார். நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மகளின் ஆலோசகரிடம் முதல் அமர்விலேயே கேட்கச் சொல்லுங்கள்.

மணக்கப்போகிறவரிடம் சொல்ல வேண்டுமா? வேண்டும். தாத்தாவுக்கு இந்த நோய் இருந்தது, குடும்பத்தில் இந்த வாய்ப்பு உண்டு என்பதைத் திருமணத்துக்கு முன் உங்கள் மகள் தன் வாயால் சொல்ல வேண்டும். பிள்ளை பெறுவது இருவர் சேர்ந்து எடுக்கும் முடிவு, ஒருவருக்கு மட்டும் உண்மை தெரிந்த நிலையில் எடுக்கலாகாது. ஆனால் சோதனை முடிவு என்ற தாள் மகளுடையது. அதை எப்போது, எவ்வளவு காட்டுவது என்று அவரே முடிவு செய்யட்டும். "சோதித்து நல்ல விடை வந்தால்தான் திருமணம்" என்று யாராவது நிபந்தனை போட்டால், அந்தச் சோதனைக்கு மகள் போகாமல் இருப்பதே நல்லது. கட்டாயத்தில் கொடுத்த ஒப்புதலை நாங்கள் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

கருவைத் திருத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால் கருவிலேயே மரபணு மாற்றிய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எச்.ஐ.வி. தொற்றாமல் காப்பது நோக்கம் என்றார். அதற்கு வேறு எளிய வழிகள் ஏற்கெனவே இருந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்படிச் செய்யும் மாற்றம் அந்தக் குழந்தையோடு நிற்காமல் அதன் சந்ததிக்கும் போகும். ஒப்புதல் தர இன்னும் பிறக்காதவர்களின் உடலில் செய்யும் பரிசோதனை என்பதால் பல நாடுகளில் அது குற்றம். 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த, அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய்க்கான கிரிஸ்பர் சிகிச்சை வேறு வகை. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து உருவாகும் செல்களை வெளியே எடுத்துத் திருத்தித் திருப்பிச் செலுத்துகிறார்கள், அது சந்ததிக்குப் போவதில்லை. மூளையை அப்படி வெளியே எடுத்துத் திருத்த முடியாது.

இதைவிட எளிய உண்மை ஒன்று இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்குத் திருத்தமே தேவைப்படாது. நீண்ட பிரதி மகளிடம் இருந்தாலும், அவருடைய கருக்களில் சராசரியாகப் பாதி சரியான பிரதியோடுதான் உருவாகும். சோதனைக்குழாய் முறையில் கருக்களை உருவாக்கி, சோதித்து, நோய் இல்லாததைக் கருப்பையில் வைக்கிறார்கள். பல ஆண்டுகளாக நடப்பதுதான் இது. மகள் தன் நிலையை அறியாமலே இதைச் செய்யவும் வழி உண்டு. மகளின் இரண்டு 4ஆம் குரோமோசோம்களில் ஒன்று உங்களிடமிருந்தும் மற்றது அவருடைய தந்தையிடமிருந்தும் வந்தவை. உங்கள் வழி வந்ததை ஏற்ற கருக்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தந்தை வழி வந்ததை ஏற்றவற்றை மட்டும் வைப்பார்கள். நோய் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவே இல்லை, யாருக்கும் எதுவும் தெரியாது. குழந்தைக்கு மட்டும் நோய் வராது. உங்கள் ரகசியமும் பத்திரம்.

இதில் ஒரு விலை உண்டு. உங்களிடம் நோயே இல்லையென்றால், ஒதுக்கிய கருக்கள் எல்லாம் நலமானவை. தேவையில்லாமல் ஒரு பெண் ஊசிகளையும் அறுவை அறையையும் சகித்திருப்பார். மருத்துவர்களில் சிலர் இதைச் செய்ய மறுக்கிறார்கள். நான் மறுக்கமாட்டேன், ஆனால் தாயின் மனநிம்மதிக்காக மட்டும் மகள் இந்தப் பாதையில் போகிறார் என்று தெரிந்தால், அவரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசுவேன்.

கருவைத் தேர்ந்தெடுப்பது உங்கள் அப்பா பிறந்திருக்கவே கூடாது என்று சொல்வதாகாதா என்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் இடத்தில் இருப்பவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். லேசான கேள்வி இல்லை. 1933இல் நாஜி ஜெர்மனி கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் ஹண்டிங்டன் பெயர் சொல்லியே இடம்பெற்றிருந்தது. அந்த நினைவு இருப்பதால்தான் எங்கள் தொழிலில் "இதைச் செய்யுங்கள்" என்று சொல்லத் தயங்குகிறோம். அரசு கட்டளையிடுவதும் ஒரு பெண் தானே விரும்பி முடிவெடுப்பதும் ஒன்றில்லை. ஆனால் "சோதிக்காமல் பெற்றாயா?" என்று உறவினர் கேட்கத் தொடங்கும் நாளில் அந்த இடைவெளி குறுகிவிடுகிறது. உங்கள் அப்பா 50 வயது வரை எப்படி வாழ்ந்தார் என்று எனக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியட்டும். நோயாளியாக மட்டும் நினைவில் இருக்கும் தாத்தாவை வைத்து எடுக்கும் முடிவு அரைகுறையாக இருக்கும்.

உங்கள் தம்பியிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச விரும்புகிறேன். நீண்ட பிரதி தந்தை வழியாகப் போகும்போதுதான் சி.ஏ.ஜி. எண்ணிக்கை கூடுவது அதிகம், கூடக்கூட நோய் இளவயதிலேயே வரக்கூடும். அவரிடம் அது இருந்தால், உங்கள் மகளைவிட அவருடைய பிள்ளைகளுக்குத்தான் இந்தச் செய்தி அவசரம். 16 வயதுப் பிள்ளைக்கு அறிகுறி எதுவும் இல்லாதவரை இந்தச் சோதனை செய்யக் கூடாது, 18 ஆகும் வரை நாங்கள் செய்யமாட்டோம். சோதனை வேறு, குடும்பக் கதை வேறு. 19 வயதுப் பிள்ளை அதை அப்பாவிடம் கேட்பது நல்லதா, சித்தப்பாவோ சிநேகிதனோ சொல்லிக் கேட்பது நல்லதா? அறிந்தவர்களுக்கு இனி வாசல்கள் திறக்கவும் கூடும். 2025 செப்டம்பரில், மூளைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஒரு மரபணுச் சிகிச்சையில் மூன்றாண்டுகளில் நோயின் வேகம் 75 சதவீதம் குறைந்ததாக அதை உருவாக்கிய நிறுவனம் அறிவித்தது. பங்கேற்றவர்கள் மிகச் சிலர், அதனால் மத்தாப்பு கொளுத்த வேண்டாம். இதற்கு முன் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு மருந்தின் சோதனை 2021இல் பாதியில் நின்றுபோனது. உங்கள் முடிவை இதற்காக மாற்றச் சொல்லவில்லை. 20 ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை, அவ்வளவுதான்.

நழுவிய தம்ளரைப் பற்றி: 49 வயதில் எல்லோர் கையிலிருந்தும் தம்ளர் நழுவுகிறது. நீங்கள் மட்டும் அதை எண்ணுகிறீர்கள். அந்த எண்ணிக்கை உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால், மரபணுச் சோதனை இல்லாமலே நரம்பியல் மருத்துவரிடம் உடல் பரிசோதனை மட்டும் செய்துகொள்ளலாம். அதுவும் உங்கள் விருப்பம். உங்களுக்கென்று ஓர் ஆலோசகரைத் தனியாகத் தேடிக்கொள்ளுங்கள். மகளின் ஆலோசகர் வேண்டாம், அவருக்கு உங்களிடம் மறைக்க வேண்டியவை இருக்கும்.

கடைசியாக அலமாரியில் இருக்கும் அந்தக் கட்டு. மகளின் ஆலோசகர் முதல் நாளே கேட்கப்போவது அதைத்தான். உங்கள் அப்பாவுக்கு மரபணுச் சோதனையில் நோய் உறுதிசெய்யப்பட்டதா, அல்லது அறிகுறிகளைப் பார்த்துச் சொன்னார்களா என்பது தெரிய வேண்டும், ஏனென்றால் ஹண்டிங்டனைப் போலவே தோன்றும் வேறு சில நோய்களும் உண்டு. வேறு நோய் என்றால் இதுவரை நான் போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும். அந்தக் காகிதத்தில் உங்களைப் பற்றி எதுவும் இல்லை, அப்பாவைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. கட்டோடு எடுத்து, மகள் இரத்தம் கொடுக்கப் போகும் முன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.